அம்பு இல்லாத குழாய்

பளிச்சுவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கண்ணில் அழுக்கு பட்டால் அவளுக்குக் கை பரபரக்கும். ஜன்னல், மேஜை, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, யாருடையது என்றே தெரியாத மிதிவண்டி என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். ஒருநாள் வகுப்பில் டீச்சர் பாதிக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, புது சாக்பீஸ் எடுக்கத் திரும்பினார். அதற்குள் பலகை சுத்தமாகிவிட்டது. அந்தக் கணக்கின் மீதி என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவளுக்கு நேர் எதிர் அவளுடைய மாமா. அம்மாவின் தம்பி. ஏரி ஆய்வு நிலையத்தில் உதவியாளர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது முதலில் சேறு உள்ளே வரும், பிறகுதான் மாமா வருவார். அதனால் தெருவுக்கே அவர் சேத்து மாமா.

சேற்றையாவது கழுவிவிடலாம். மாமாவின் மறதியை எதைப் போட்டுக் கழுவுவது? ரொட்டிக் கடையில் வேலை பார்த்தபோது மாவில் உப்புப் போட மறந்தார். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்தபோது ஒரு மூட்டை கடிதங்களைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கினார். நல்லவேளை, அந்தப் பேருந்தை ஓட்டியவர் பளிச்சுவின் அம்மா. மூட்டை பத்திரமாகத் திரும்பி வந்தது. வேலைதான் திரும்பி வரவில்லை.

"மறந்துட்டேன் அக்கா" என்று மாமா சொல்லும்போது அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கிவிடும். அதைப் பார்க்கப் பளிச்சுவுக்குப் பாவமாக இருக்கும். வேண்டுமென்றா மறக்கிறார்?

ஏரி நிலையத்தின் தலைவர் ஒரு டாக்டரம்மா. ஊசி போடும் டாக்டர் இல்லை, ஏரிகளைப் பற்றிப் படித்து டாக்டர் ஆனவர். "மூணு மாசம் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்" என்று சொல்லித்தான் மாமாவைச் சேர்த்துக்கொண்டார். அந்த மூன்று மாதம் நாளையோடு முடிகிறது.

பள்ளிக்கு அன்றும் மறுநாளும் விடுமுறை. அம்மா காலையிலேயே பேருந்தை எடுக்கப் போய்விட்டதால், பளிச்சு மாமாவுடன் நிலையத்துக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். மாமா கரையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த ஏரிய யார் வெட்டினாங்க?"

"யாரும் வெட்டல. அதோ அந்த மலையப் பாரு. ஒரு பக்கம் மட்டும் யாரோ கடிச்சு எடுத்த மாதிரி இல்ல?"

"ஆமா!"

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி அந்தப் பக்கம் அப்படியே சரிஞ்சு விழுந்திருக்கு. கீழ ஒரு ஆறு ஓடிட்டு இருந்துச்சு. அது போற வழியில மலை வந்து உக்காந்துடுச்சு. ஆறு பாவம் என்ன பண்ணும்?"

"சுத்திப் போகும்."

"சுத்திப் போகவும் வழி இல்ல."

பளிச்சு யோசித்தாள். "அப்ப காத்துட்டு இருக்கும்."

"அதேதான்! காத்துட்டே இருந்துச்சு. பின்னாலேந்து தண்ணி வந்துகிட்டே இருந்துச்சு. மேல மேல ஏறி, கடைசியில ஏரி ஆயிடுச்சு."

வழி கிடைக்காமல் நின்ற ஆறுதான் இவ்வளவு பெரிய ஏரியா! பளிச்சுவுக்கு அந்த ஆற்றின்மேல் இரக்கமும் மரியாதையும் ஒன்றாக வந்தன.

"ஆறு இன்னும் வந்துகிட்டுதான் இருக்கு" என்றார் மாமா. "வரும்போது சும்மா வராது. வழியெல்லாம் மண்ண அள்ளிட்டு வந்து ஏரிக்குள்ள போட்டுடும்."

"உங்கள மாதிரியேவா?"

"என்னவிட மோசம். நான் சாயங்காலம் மட்டும்தான் கொண்டு வரேன்."

மாமா அவளைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார். அங்கே ஒரு மர அடுக்கில் ஐந்து குழாய்கள் படுத்திருந்தன. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். உள்ளே நிறையச் சேறு. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கறுப்பு மூடி. நடுவில் எண் எழுதிய சின்னத் தகடு கம்பியால் கட்டியிருந்தது.

"ஏரியோட அடியில இந்தக் குழாயக் குத்தி இறக்கணும். நிறைஞ்சதும் மேல இழுக்கணும். அப்புறம் அதே இடத்துல இன்னும் ஆழமா அடுத்தது. இப்படி அஞ்சு. எல்லாத்துக்கும் மேல இருக்கறது போன வருஷத்து மண்ணு. கீழ போகப் போகப் பழசு. அஞ்சாவது குழாயோட அடியில மலை விழுந்த காலத்து மண்ணே இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"இத வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"படிப்பாங்க. எப்ப வெள்ளம் வந்துச்சு, எப்ப காடு எரிஞ்சுது, எல்லாம் இந்த மண்ணுல இருக்காம். ஆனா ஒரு விஷயம். எது மேல, எது கீழனு தெரியணும். படகுல குழாயத் தூக்கின உடனே அம்பு போட்டுடணும். இதோ பாரு."

முதல் குழாயின்மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் அம்பு இருந்தது. ஈரத்திலும் எழுதும் மெழுகுப் பென்சிலால் போட்டது. அம்பின் தலை இருக்கும் பக்கம் மேல் பக்கம்.

"அம்பு இல்லாத குழாய் வெறும் சேறுன்னு டாக்டரம்மா சொல்வாங்க. தலைகீழாப் படிச்சா, அம்மாவுக்கு முன்னாடி பொண்ணு பொறந்துடும்."

பளிச்சு சிரித்தாள். ஆனால் அவள் கண் அம்பில் இல்லை. குழாய்களின் வெளிப்பக்கத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த சேற்றில் இருந்தது. மூன்றாவது குழாய்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அப்பிக் கிடந்தது.

மாமா படகைக் கழுவக் கரைக்குப் போனார். பளிச்சு தனியாக நின்றாள். நாளைக்கு டாக்டரம்மா வருவார். மூன்று மாதம் முடியும் நாள். இந்தக் குழாய்களை இப்படிப் பார்த்தால் மாமாவைப் பற்றி என்ன நினைப்பார்?

மாமாவுக்கு ஓர் உதவி செய்தால் என்ன?

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தாள். சோப்பைக் கரைத்தாள். மூன்றாவது குழாயை இரண்டு கையாலும் தூக்கி மேஜைக்குக் கொண்டுவந்தாள். நல்ல கனம். உருட்டி உருட்டித் தேய்த்தாள். திருப்பிப்போட்டுத் தேய்த்தாள். சேறு போனது. அதோடு ஏதோ மஞ்சளாகவும் போனது. அழுக்குப் போகிற சந்தோஷத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய் புதுசு போல ஆனது. அதை அடுக்கில் வைத்துவிட்டு நான்காவதைத் தொடப்போனாள். அதற்குள் "பளிச்சு, கிளம்பலாம்!" என்று மாமா கூப்பிட்டார். வாளியை மூலையில் தள்ளிவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை கொட்டகைக்குள் நுழைந்த மாமா அடுக்கின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்ணு இருக்கு. ரெண்டு இருக்கு. மூணு..." மாமா மூன்றாவது குழாயைக் கையில் எடுத்து உருட்டினார். இன்னொரு முறை உருட்டினார். "மூணுல அம்பு இல்ல."

பின்னால் நின்ற பளிச்சுவின் கண் மூலையில் கிடந்த வாளிக்குப் போனது.

"நாலு இருக்கு. அஞ்சு இருக்கு." மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "மறந்துட்டேன். மூணாவதுல அம்பு போட மறந்துட்டேன்."

மாமாவின் தோள் இரண்டும் கீழே இறங்கின.

"அன்னிக்குக் காத்து அடிச்சுது. படகு ஆடிச்சு. அப்பவும் போட்டேன்னுதான் நினைச்சேன். நான் நினைச்சு என்ன பிரயோசனம்? உப்பும் போட்டேன்னுதான் நினைச்சேன்."

நான்தான் மாமா என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. பளிச்சுவின் வாய் திறந்தது, மூடியது. மாமாவுக்கு உதவி செய்யப்போய் அவருடைய வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி விட்டு எழுதினா சரியாயிடுமா மாமா?" என்று ஏதோ கேட்டுவைத்தாள்.

மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. "பதினொரு மணிக்கு வந்துடுவாங்க" என்றார் தனக்குத்தானே. சட்டைப் பையிலிருந்து மெழுகுப் பென்சிலை எடுத்தார். குழாயை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முனையைப் பார்த்தார். மறு முனையையும் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணுதான். இந்தப் பக்கம் இல்லன்னா அந்தப் பக்கம். பாதிக்குப் பாதி சரியா அமைஞ்சாலும் அமையும்."

பென்சில் குழாயைத் தொட்டது.

இப்போது பேசாமல் இருந்தால் போதும். அம்பு வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மாமா தன் வாழ்க்கையில் மறக்காமல் செய்த ஒரு காரியத்தை, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பளிச்சுவால் தாங்க முடியவில்லை.

"போடாதீங்க மாமா!" என்று கத்திவிட்டாள். "நீங்க மறக்கல. அம்பு இருந்துச்சு. நான்தான் சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன்!"

மாமாவின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்ன?"

"குழாய் அழுக்கா இருந்துச்சு. டாக்டரம்மா உங்களத் திட்டக் கூடாதுன்னு துடைச்சேன். அம்பும் சேந்து போயிடுச்சு." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இரு, இரு. அழாத. அம்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நிஜமா? உன் கண்ணால பாத்தியா?"

"தேய்க்கும்போது மஞ்சளாத் தண்ணியில வந்துச்சு. அதுக்கு முன்னாடி சேத்துக்கு நடுவுல கொஞ்சம் தெரிஞ்சுது. கோணலா இருந்துச்சு."

"கோணலா?" மாமா எழுந்து நின்றுவிட்டார். "படகு ஆடினப்ப போட்டது. கோணலாத்தான் வந்துச்சு. அது நான் போட்டதுதான் பளிச்சு! நான் மறக்கல!"

பளிச்சு திகைத்துப்போனாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். மாமாவோ மூன்றாவது குழாயைக் குழந்தையைப் போலக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நான் மறக்கல. அஞ்சுலயும் போட்டிருக்கேன். ஒண்ணுகூட விடல!"

"கோவம் இல்லையா மாமா?"

"வரும். அப்புறமா வரும். இப்ப அதுக்கு நேரம் இல்ல." மாமா சட்டென்று நின்றார். "அது சரி, அம்போட தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பளிச்சு உதட்டைப் பிதுக்கினாள். "தெரியல. நான் அழுக்க மட்டும்தான் பாத்தேன். குழாயத் திருப்பித் திருப்பி வேற போட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா மறக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் குழாய்க்குத் தலை எது, கால் எது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. மணி ஒன்பதரை.

என்ன செய்வது என்று தெரியாதபோது பளிச்சு எதையாவது சுத்தம் செய்வாள். மூலையில் நேற்றைய வாளி அப்படியே கிடந்தது. அதை வெளியே எடுத்துப்போய் மெதுவாகச் சாய்த்தாள். மேலே இருந்த கலங்கல் தண்ணீர் போனது. அடியில் சேறு தங்கியிருந்தது. ராத்திரி முழுக்க யாரும் தொடாததால் நன்றாகப் படிந்திருந்தது.

வழித்துப்போட விரலை விட்டாள். மேலே இருந்த சேறு முகத்துக்குப் போடும் பவுடர் போல வழவழவென்று இருந்தது. விரல் இன்னும் கீழே போனது. நறநறவென்று மணல்.

பளிச்சு விரலை எடுத்துவிட்டு, இன்னோர் இடத்தில் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் மேலே வழவழ, கீழே நறநற.

"மாமா! இங்க வாங்க! மணல் எல்லாம் அடியில இருக்கு!"

"மணல் கனம். அடியிலதான் போகும்."

"நான் பிரிச்சுப் போடல மாமா. எல்லாம் ஒண்ணா கலந்துதான் இருந்துச்சு. அதுவா பிரிஞ்சிருக்கு. மணல் முதல்ல போய் உக்காந்துடுச்சு. மெல்லிசான மண்ணு மெதுவா வந்து அது மேல உக்காந்திருக்கு."

"சரி. அதுக்கென்ன?"

"வெள்ளம் வந்தா ஆறு என்ன பண்ணும்? மணலும் மண்ணும் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கொண்டுவந்து ஏரியில கொட்டும் இல்லையா? ஏரியும் ஒரு பெரிய வாளிதானே மாமா?"

மாமா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கொட்டகைக்குள் ஓடினார். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குழாய்களிடம் வந்தார்.

மற்ற நான்கு குழாய்களிலும் வெளியே சேறு அப்பியிருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. மூன்றாவது குழாய் மட்டும் கண்ணாடி போல இருந்தது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்ததும் உள்ளே கோடு கோடாக மண் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று, மறுபடி சாம்பல். ஒவ்வொன்றும் தாள் கனம்தான்.

"தேய்ச்சதுலயும் ஒரு நன்மை" என்று மாமா முணுமுணுத்தார்.

"இங்க பாருங்க!"

கோடுகளுக்கு நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை. அதன் ஓர் ஓரத்தில் மணல் மணலாக மின்னியது. அங்கே கத்தியால் வெட்டியது போல எல்லை தெளிவாக இருந்தது. மறு ஓரத்தை நோக்கிப் போகப் போக மண் மெல்லிசாகிக்கொண்டே போய்ச் சாம்பல் கோட்டில் கரைந்தது.

"இது வெள்ளம் போட்டது. மணல் இருக்கற ஓரம் கீழ" என்றாள் பளிச்சு. அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்ப அந்த முனை மேல."

"ஆஹா!" மாமா பென்சிலை எடுத்தார்.

"இருங்க மாமா. ஒண்ண மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது."

தேடினார்கள். இன்னொரு பழுப்புப் பட்டை கிடைத்தது. அதிலும் மணல் அதே பக்கம். ஒரு முனைக்குப் பக்கத்தில் மூன்றாவது பட்டை. அதிலும் அதே பக்கம். மூன்று வெள்ளமும் ஒரே சாட்சி சொல்லின.

"இப்பப் போடலாமா?"

பளிச்சு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நீங்க படகுல போட்டது தெரிஞ்சு போட்ட அம்பு. இது நாம கண்டுபிடிச்சது. ரெண்டும் ஒண்ணா இருந்தா டாக்டரம்மா எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பாங்க? சீட்டு எழுதி ஒட்டலாம்."

மாமா ஒரு தாளில் 'மேல்' என்று எழுதினார். பளிச்சு அதை வாங்கி, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுதினாள். இப்போது சீட்டில் இப்படி இருந்தது: 'மேல் என்று நினைக்கிறோம்.'

"நினைக்கிறோம்னு போட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று மாமா கவலைப்பட்டார்.

"நாம நினைக்கத்தானே செய்யறோம்?"

சீட்டை ஒட்டினார்கள்.

சரியாகப் பதினொன்றுக்கு டாக்டரம்மா வந்தார். குட்டையான உருவம், கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, பெரிய குரல். நேராகக் குழாய்களிடம் போனார். சீட்டைப் படித்தார். புருவம் ஏறியது.

"என்ன இது?"

"நான் சொல்றேன்" என்றார் மாமா.

"நான்தான் சொல்லணும்" என்றாள் பளிச்சு.

முழுவதையும் அவளே சொன்னாள். சோப்பு, மஞ்சள் தண்ணீர், வாளி, வெள்ளம் எதையும் விடவில்லை. நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனால் நிறுத்தவில்லை.

டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏரிச் சேத்தோட இருக்கேன். சேத்தக் கழுவினவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

"வெளிப் பக்கம் மட்டும்தான் கழுவினேன்" என்றாள் பளிச்சு மெல்லிய குரலில்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் வாயின் ஓரம் ஒரு நொடி துடித்தது. சின்ன மின்ரம்பத்தை எடுத்துக் குழாயின் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் இருபுறமும் அறுத்தார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை முனையிலிருந்து முனைவரை இழுத்தார். சேறு இரண்டு பாதியாகப் பிரிந்து திறந்துகொண்டது. உள்ளே, வெளியிலிருந்து பார்த்ததைவிடப் பத்து மடங்கு கோடுகள். எத்தனையோ வருடங்களுக்கு முன் பெய்த மழை எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தது.

டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஒவ்வொரு பழுப்புப் பட்டையாகப் பார்த்துக்கொண்டே போனார். மாமா விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டே இருந்தார். சொடுக்கெடுக்க விரல்கள் தீர்ந்துபோயின.

"நீங்க மூணு பாத்தீங்க. இதுல ஏழு இருக்கு" என்றார் டாக்டரம்மா கடைசியில். "ஏழுலயும் மணல் ஒரே பக்கம்தான். உங்க சீட்டு சரி."

பேனாவை எடுத்துச் சீட்டில் 'என்று நினைக்கிறோம்' என்பதை மட்டும் அடித்தார்.

"எங்கிட்ட வேலை பாக்கற எல்லாரையும் 'நினைக்கிறோம்'ங்கற இந்த ஒரு வார்த்தைய எழுத வைக்க நான் படாத பாடு படறேன்" என்றார். "நீங்க ஒரு அம்பப் போட்டு வெச்சிருந்தா நான் அப்படியே நம்பியிருப்பேன். தப்பான பக்கம் போட்டிருந்தா, என் மொத்தப் படிப்பும் தலைகீழாப் போயிருக்கும். மண்ணு பொய் சொல்லாது. மேல நாம எழுதறதுதான் சொல்லும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பென்சில் குழாயைத் தொட்டது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. "ஒரு நிமிஷம் நான் போடத்தான் பாத்தேன் டாக்டர்" என்றார். "இவதான் தடுத்தா."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"இதையும் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். பிறகு முதல் குழாயின் அம்பைத் தொட்டுக் காட்டினார். "மத்த நாலுலயும் அம்பு போட்டது யாரு?"

"நான்தாங்க."

"படகு ஆடும்போதா?"

"ஆமாங்க. அதான் கொஞ்சம் கோணலா..."

"கோணலா இருக்கட்டும். இந்த நாலையும் நான் சரிபாக்கப் போறதில்ல. அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஏரிக்குப் போறோம். அங்கயும் அம்பு போடற வேலை உங்களோடதுதான்."

மாமாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அடுத்த வாரமா? அப்ப மூணு மாசம்..."

"அது இன்னிக்கோட முடிஞ்சுது. இனிமே மாசக் கணக்கு கிடையாது" என்றார் டாக்டரம்மா. உடனே மறுபடி சேற்றின்மேல் குனிந்துகொண்டார். "வெளிச்சத்த இந்தப் பக்கம் பிடிங்க. சின்னவளே, நீயும் வா. அந்தக் கோடுகள எண்ணு."

பளிச்சு எண்ணினாள். மாமா டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.

அன்று மாலை அம்மா பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, களைத்துப்போய் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்தே மாமா ஓடிவந்தார். பின்னால் பளிச்சு மூச்சிரைக்க வந்தாள்.

அம்மா பயந்துபோய் எழுந்தார். "என்னடா? என்ன ஆச்சு? எத மறந்துட்ட?"

"மறக்கல அக்கா!" மாமா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. "காத்து அடிச்சுது, படகு ஆடிச்சு, அப்பவும் அஞ்சுலயும் போட்டிருக்கேன். நான் மறக்கல!"

அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்து, "முதல்லேந்து சொல்லு" என்றார். மாமா முதலிலிருந்து சொன்னார். சாப்பிடும்போது இன்னொரு முறை சொன்னார். படுக்கப்போகும் முன் மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அம்மாவும் பளிச்சுவும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டார்கள்.